அச்சேறிய தமிழ் – 14: ஆறாம் திருமுறை யாருடையது?

1874 ஜனவரி 30 அன்று இரவு, மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் சென்று வள்ளலார் கதவைத் தாளிட்டுக்கொண்டார். அன்றைக்குத் திருவருட்பாவின் நான்கு திருமுறைகள் மட்டுமே அச்சாகியிருந்தன. ஐந்தாம் திருமுறை 1880-லும் ஆறாம் திருமுறை 1885-லும் வெளிவந்தன. இன்று வள்ளலாரின் குரல் என்று தமிழர்கள் அறிந்துவைத்திருப்பது எது? சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் தள்ளி, சோதியையே தெய்வமாகக் கண்டு, சாவை வெல்ல முடியும் என்று அடித்துச் சொல்கிற குரல். அந்தக் குரல் ஏறத்தாழ முழுவதும் ஆறாம் திருமுறையில்தான் இருக்கிறது. 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவல் அதில்தான் இருக்கிறது. எழுதியவர் அச்சில் ஒரு முறைகூடக் கண்ணால் பார்க்காத பகுதி, அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்துப் பிறர் தொகுத்து வெளியிட்ட பகுதி, அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. அப்படியானால் அதை வள்ளலாரின் நூல் என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு வரலாற்றை எழுத முடியாது.

இதற்கு எளிதாகக் கிடைக்கிற பதில் ஒன்று உண்டு. ஆசிரியர் உயிரோடு இருந்தபோது, அவருக்குத் தெரிந்து அச்சானது அவருடையது. மறைவுக்குப் பின் வந்ததைச் சந்தேகத்தோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. கேட்க நியாயமாக இருக்கிறது. வள்ளலாருக்கு இந்த அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் அது உடனே தடுமாறுகிறது. அவர் அச்சுத் தொழில் அறியாத சாமியார் அல்லர். ஒழிவிலொடுக்கத்தை 1851-லும், தொண்டமண்டல சதகத்தை 1855-லும், சின்மய தீபிகையை 1857-லும் தாமே பதிப்பித்தவர். மனுமுறை கண்ட வாசகம் என்ற அவருடைய உரைநடை நூல் 1854-ல் வந்தது. ஏடு பார்த்துப் பாடம் தேர்வது, முன்னுரை எழுதுவது, அச்சுக்குக் கொடுப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பிறர் நூல்களை அப்படிக் கொண்டுவந்தவர், தம் பாடல்களைத் தாமே பதிப்பிக்கவில்லை. பதிப்பிக்க விரும்பவும் இல்லை. அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் 1860-லிருந்து விடாமல் கேட்டார். பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவது என்று நோன்பும் பூண்டார். அது தெரிந்து வருந்திய வள்ளலார், அந்த ஆண்டின் இறுதியில் கருங்குழியிலிருந்து எழுதிய கடிதத்தில், நோன்பை விடும்படி கேட்டுக்கொண்டு பாடல்களை அனுப்புவதாக வாக்களித்தார். அதன் பிறகும் நூல் வெளிவர 1867 ஆகிவிட்டது. சம்மதம் என்று நாம் சொல்வது, அன்பரின் பட்டினி பொறுக்காமல் வந்த இசைவு. அதை மறந்துவிட்டு அந்த நான்கு திருமுறைகளை ஆசிரியர் முத்திரையிட்ட பதிப்பு என்று பேசுவது சரியாகாது.

1867 பதிப்பின் உள்ளே போனால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவர் வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். திருவருட்பா என்று தொகுப்புக்குப் பெயர் வைத்தவரும் அவரே. முகப்பில் இராமலிங்க பிள்ளையைத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று அழைத்ததும் அவர்தான். பாடல்களின் வரலாற்றைச் செய்யுளில் பாடி நூலோடு சேர்த்தவரும் அவரே. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவதுகூட ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதற்குத் தாம் உடன்படவில்லை என்று அன்பருக்குக் கடிதம் எழுதியவர் வள்ளலார். அவர் பெயருக்கு முன்னால் அவ்வளவு பெரிய அடைமொழி அச்சானது. பாடல்களின் தொடர் வரிசை எது, எந்தப் பதிகத்துக்குப் பின் எந்தப் பதிகம், எதை முதலில் வெளியிடுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற எல்லா முடிவுகளிலும் தொழுவூராரின் கை தெரிகிறது. ஆசிரியர் கருங்குழியில் நல்ல உடல்நலத்தோடு இருந்த காலத்தில் நடந்தவை இவை.

இந்தச் சட்டகம் எவ்வளவு பாரமானது என்பதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததே சான்று. ஆறுமுக நாவலரும் அவரைச் சார்ந்தவர்களும் கிளப்பிய எதிர்ப்பின் உயிர்நிலை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். சைவர்களுக்குத் திருமுறை என்றால் நம்பியாண்டார் நம்பியிலிருந்து வழிவழியாக வந்த பன்னிரண்டு. அருட்பா என்றால் அந்த அருளாளர்கள் பாடியவை. தங்கள் காலத்தில் தங்களிடையே வாழ்கிற ஒருவரின் பாட்டுக்கு அந்தப் பெயர்களைச் சூட்டியதுதான் அவர்களைக் கொதிக்கவைத்தது. 1869-ல் வந்த போலியருட்பா மறுப்பு என்ற தலைப்பே அதைச் சொல்கிறது. பாடல்களிலும் அவர்கள் குற்றம் கண்டார்கள். ஆனால் தீ பற்றிய இடம் முகப்புப் பக்கம். அதே ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போன, பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் துண்டறிக்கைகளாகவும் கண்டன நூல்களாகவும் நீண்ட அந்தப் போர், பெருமளவுக்குப் பதிப்பாசிரியர் எழுதிய சில சொற்களின் மேல் நடந்த போர். ஆசிரியர் இருக்கும்போதே வந்த பதிப்பில் பதிப்பாசிரியரின் பங்கு அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே மறைந்த தேதியை வைத்து இந்தப் பக்கம் ஆசிரியர், அந்தப் பக்கம் பதிப்பாசிரியர் என்று கோடு போட முடியாது.

இனி ஆறாம் திருமுறைக்கு வருவோம். அதைத் தொழுவூரார் ஏன் வெளியிடவில்லை? பாடல்கள் கைக்குக் கிடைக்காததால் என்று சொல்ல முடியாது; ஆறாக வகுத்தவரே அவர். குருவைப் பற்றி வெளியே பேசக் கூச்சப்பட்டதாலும் அல்ல. 1882-ல் பிரம்மஞான சபையாருக்குத் தம் ஆசானின் வாழ்க்கை, தோற்றம், போதனை பற்றி விரிவான வாக்குமூலம் கொடுத்தவர் அவர். அது ஆங்கிலத்தில் அச்சாகி உலகம் முழுக்கப் போனது. அப்படிப்பட்டவர் 1880-ல் ஐந்தாம் திருமுறையைக் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். இறுதியில் வேறு அன்பர்கள் முன்வந்துதான் 1885-ல் ஆறாம் திருமுறை அச்சேறியது. அப்போது தொழுவூரார் உயிரோடு இருந்தார். திருவருள் உணர்த்தும்போது வெளியிடலாம் என்று அவர் காத்திருந்ததாகவும், அதை வெளியிட வள்ளலாரே அப்போது இசையவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நாவலர் தரப்பின் தாக்குதலை நேரில் தாங்கிய ஒரு சைவப் புலவர், வேதாகமங்களையே விலக்கிப் பேசுகிற பாடல்களை அச்சுக்குக் கொடுக்கத் தயங்கியிருப்பார் என்பதும் எனக்கு இயல்பாகவே படுகிறது. நான்கு திருமுறைகளுக்கே நீதிமன்றப் படி ஏறிய காலம் அது.

முதல் மறுப்பு இங்கேதான் எழுகிறது. வள்ளலாரே இசையவில்லை என்றால், 1885 பதிப்பு அவர் விருப்பத்தை மீறியது ஆகாதா? இந்த மறுப்பை எடுத்தவுடன் தள்ளிவிடக் கூடாது. பிராக் நகரத்து காஃப்கா, தாம் விட்டுச்செல்லும் கையெழுத்துப் படிகளை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிவைத்தார். பிராட் அதை மீறி 1925-ல் விசாரணை நாவலை வெளியிட்டார். அங்கே விருப்பம் மீறப்பட்டது என்பதில் ஐயமே இல்லை. அது வேறு வகை வழக்கு. வள்ளலார் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. 1872 ஏப்ரலில் அகவலைத் தம் கையாலேயே நோட்டில் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் இருக்கிறது. 1873-ல் சித்திவளாகத்து விளக்கைத் திருமாளிகைக்கு வெளியே வைத்து, அதைத் தடைபடாமல் ஆராதிக்கும்படி அன்பர்களிடம் சொன்னபோது, எப்படித் தியானிப்பது என்பதற்கு அவர் காட்டிய வழி 28 பாசுரங்கள் கொண்ட ஞானசரியை. அது ஆறாம் திருமுறைப் பாடல். தம் வாழ்வின் கடைசி மாதங்களில், தம்மைச் சுற்றியிருந்தவர்கள் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தாரோ அதைப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அச்சுக்குக் காலம் வரவில்லை என்று ஒருவர் கருதுவதும், இது என்னுடையதாக நிற்க வேண்டாம் என்று அவர் கருதுவதும் ஒன்றாகிவிடாது. சன்மார்க்க சங்கத்தாரிடம் ஏற்கெனவே வாய்வழியாகவும் படிவழியாகவும் போய்ச் சேர்ந்துவிட்ட பாடல்களுக்கு, அச்சு இன்னொரு வாகனம், அவ்வளவே.

இன்னும் ஒரு சான்று இருக்கிறது. இந்தக் கேள்வி முழுவதையும் அது புரட்டிப் போடுகிறது. 1873 அக்டோபர் 22 அன்று சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி வள்ளலார் நிகழ்த்திய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவ சமயத்தில் இருந்த பற்று அளவு சொல்ல முடியாதது என்கிறார். அதற்குச் சாட்சியாகத் தொழுவூர் வேலாயுத முதலியாரையும், திருவருட்பாவில் அடங்கிய தம் பழைய தோத்திரங்களையுமே காட்டுகிறார். அப்போது தமக்கு அற்ப அறிவே இருந்தது, அந்தப் பற்றை விட்டுவிட்டதால்தான் இந்த நிலை வந்தது, நீங்களும் விட வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். இதை நேரே எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது? அவர் அறிய அச்சான நான்கு திருமுறைகள், அவரே கடந்துவந்துவிட்டதாகச் சொன்ன நிலையைச் சேர்ந்தவை. அவர் அச்சில் காணாத ஆறாம் திருமுறை, அவர் நின்ற கடைசி நிலையைச் சேர்ந்தது. வாழ்நாளில் வந்ததே உண்மையானது என்கிற அளவுகோலும், ஆசிரியரின் இறுதி எண்ணமே உண்மையானது என்கிற அளவுகோலும் இங்கே நேர் எதிராகப் போகின்றன. முதல் அளவுகோலைப் பிடித்தால் சைவ அடியாரான இராமலிங்க பிள்ளை கிடைப்பார். இரண்டாவதைப் பிடித்தால் சன்மார்க்க வள்ளலார் கிடைப்பார். சுயமரியாதை இயக்கத்தார் ஆறாம் திருமுறையிலிருந்தே தேடித் தேடிப் பாடல்களைப் பரப்பியதும், சைவப் பற்றாளர் பலர் முற்பகுதிகளிலேயே நின்று மனம் உருகியதும் இப்படித்தான் நடந்தன. இரு தரப்பாரும் தாங்கள் உண்மையான வள்ளலாரைப் பிடித்திருப்பதாகவே நம்பினார்கள்.

என் நிலைப்பாடு இரண்டில் எதுவும் இல்லை. ஆசிரியரின் இறுதி எண்ணம் என்பதை ஒரே அளவுகோலாக்கினால் திருவடிப் புகழ்ச்சியையும் மகாதேவ மாலையையும் இங்கித மாலையையும் வள்ளலாருடையவை அல்ல என்று சொல்ல நேரும். அது அபத்தம். கடந்துவந்த நிலையும் அவர் நடந்த வழிதான். முப்பது வயதில் திருவொற்றியூர்த் தியாகேசர் சந்நிதியில் அழுத அழுகையை, ஐம்பது வயதில் அது போதாது என்று அவர் உணர்ந்ததால் யாரும் அழித்துவிட முடியாது. அவரும் அழிக்கவில்லை, சாட்சியாகக் காட்டினார். அதேபோல, அச்சான தேதியை ஒரே அளவுகோலாக்கினால் அகவலை இழப்போம், ஞானசரியையை இழப்போம், சன்மார்க்கத்தின் உரைநடை அடித்தளமான சீவகாருண்ய ஒழுக்கத்தையும் இழப்போம். அதுவும் அவர் மறைவுக்குப் பின்புதான் அச்சேறியது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பேருபதேசத்தைச் சான்றாகக் காட்டுகிறீர்களே, அதை யார் எழுதினார்கள் என்று கேட்கலாம். கேட்டவர்கள் குறித்துக்கொண்டது அது. வள்ளலார் கையெழுத்தில் இல்லை. விளக்கைப் பற்றிய கட்டளையும் அன்பர்கள் வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. ஆறாம் திருமுறையைச் சீடர்களே தொகுத்து, அதற்கு ஆதாரமான சொற்பொழிவையும் சீடர்களே எழுதிவைத்தால், அது தன்னைத் தானே சாட்சியாக நிறுத்துகிற வழக்கு ஆகாதா? ஆகும், இந்தப் பேச்சுக் குறிப்புகள் மட்டுமே இருந்திருந்தால். ஆகவேதான் பாடல்களின் மூலம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை. வள்ளலார் கையெழுத்துச் சுவடிகளையும் நோட்டுகளையும் தேடிப் பெற்று, அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டு, 1931 முதல் 1958 வரை 12 புத்தகங்களாக அவர் வெளியிட்டார். 27 ஆண்டுக் காலம் ஒருவர் இன்னொருவரின் எழுத்துக்குக் கொடுத்த இந்த உழைப்பு, தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது என் ஆற்றாமை. கடிதங்களைத் திருமுகப் பகுதி என்றும், பேருரைகளை உபதேசப் பகுதி என்றும், உரைநடையை வசன பாகம் என்றும் அவர் பிரித்துவைத்தது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வள்ளலார் தம் கையால் எழுதியது எது, பிறர் கேட்டு எழுதியது எது என்பது அந்தப் பிரிவினாலேயே வாசகருக்குத் தெரிகிறது.

அந்த ஒப்பீட்டின் பயனை இன்றைய நல்ல பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் பார்க்கலாம். ஒரு பாடலின் கீழே தொ.வே. என்றால் தொழுவூராரின் பாடம், ச.மு.க. என்றால் காரணப்பட்டு ச.மு. கந்தசாமி பிள்ளையின் பாடம்; ஆ.பா. என்றால் பாலகிருஷ்ண பிள்ளையின் பாடம். பொறுமையாக இந்தக் குறிப்புகளைப் பின்தொடர்ந்தால் தெரிவது இதுதான்: வேறுபாடுகள் பெரும்பாலும் ஓர் எழுத்து, ஓர் உருபு, ஒரு சொல் என்ற அளவில் நிற்கின்றன. கொள்கையை மாற்றுகிற வேறுபாடுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆறாம் திருமுறையின் துணிச்சலான சொற்கள் சீடர்கள் செருகியவை என்ற ஐயத்துக்குக் கையெழுத்து மூலங்கள் இடம் கொடுக்கவில்லை. அகவல் ஒன்றே போதும். பேருபதேசம் என்றொரு குறிப்பே கிடைக்காமல் போயிருந்தாலும், சாதி சமய விகற்பங்களை விலக்கிய வள்ளலார் அந்த 1596 அடிகளில் அவருடைய கையெழுத்திலேயே நிற்கிறார். சீடர்களின் குறிப்பு அந்தச் சான்றுக்குத் துணை வருகிறது. அதைத் தாங்கி நிற்கவில்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. திருமுறைப் பகுப்பு தொழுவூராருடையது என்று தெரிந்த பின் அதை ஏன் வைத்திருக்க வேண்டும்? காலமுறைப்படி அடுக்கிவிட்டால் பதிப்பாசிரியர் விலகி, ஆசிரியர் மட்டும் நிற்பாரே என்பது அது. 1972-ல் ஊரன் அடிகள் கொண்டுவந்த பதிப்பு ஏறத்தாழ இதைத்தான் செய்தது. ஆறு திருமுறை என்ற எண்ணிக்கையை அவர் காத்தார். உள்ளடக்கத்தைக் கால வரிசையில் மாற்றி அமைத்தார். 1880-ல் ஐந்தாம் திருமுறையாக வந்த திருத்தணிகை முருகன் பாடல்கள் இளமைக் காலத்தவை என்பதால் முதலாம் திருமுறைக்கு வந்துவிட்டன. இன்று பலரும் எடுத்தாள்கிற 5818 பாடல்கள் என்ற தொடர் எண் வரிசை இந்தப் பதிப்பின் கொடை. ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள பதிப்பு இல்லை என்றே சொல்வேன். ஆனால் இதனால் பதிப்பாசிரியர் விலகிவிட்டார் என்பதை ஏற்க முடியாது. வள்ளலார் தம் பாடல்கள் எல்லாவற்றுக்கும் நாள் குறித்துவைக்கவில்லை. சென்னை, கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என்று அவர் வாழ்ந்த இடங்களைக் கொண்டும் பாடலின் பொருளைக் கொண்டும் காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பொருளைக் கொண்டு காலத்தை ஊகிக்கும்போது, உருவ வழிபாட்டுப் பாடல் முந்தியது, சோதி வழிபாட்டுப் பாடல் பிந்தியது என்று ஒரு கதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தக் கதை பேருபதேசத்தோடு ஒத்துப்போகிறது, எனக்கும் ஏற்புடையது. ஆனாலும் வரிசையை அடுக்கியது ஊரன் அடிகளின் கை. தொழுவூராரின் கையைப் போலவே அதற்கும் பெயரும் தேதியும் உண்டு.

ஆகவே ஒரு நூல் அசலா, இல்லையா என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, அதற்குள் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஆறாம் திருமுறையின் பாடல்கள் வள்ளலாருடையவை. கையெழுத்து மூலம் அதைச் சொல்கிறது. ஆறாம் திருமுறை என்ற கட்டடம் தொழுவூராருடையது. அதை அச்சில் நிறுத்தியவர்கள் 1885-ன் அன்பர்கள். அதன் இன்றைய வரிசை 1972-ஐச் சேர்ந்தது. இந்தப் பிரிப்பை 1867-ன் நான்கு திருமுறைகளுக்கும் அதே கண்டிப்போடு செய்தால், ஆசிரியர் காலத்துப் பதிப்பு என்ற பெயரால் அவற்றுக்குக் கிடைத்துவரும் தனி மதிப்பு குறைகிறது; ஆறாம் திருமுறை மேல் விழுந்துவரும் தனிச் சந்தேகமும் குறைகிறது. பாரதியின் பாஞ்சாலி சபதத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். முதற் பாகம் 1912-ல் கவி இருக்கும்போது வந்தது. இரண்டாம் பாகம் 1924-ல், அவர் மறைந்த பின் வந்தது. இரண்டாம் பாகத்தைக் குறைந்த பாரதி என்று யாரும் படித்ததில்லை. வள்ளலார் விஷயத்தில் மட்டும் தயக்கம் நீண்டதற்குக் காரணம் பதிப்பியல் அல்ல. ஆறாம் திருமுறை சொன்ன செய்தி பலருக்கு அசௌகரியமாக இருந்தது. அந்த அசௌகரியத்தை மூலபாட ஐயமாக மாற்றிப் பேசுவது எளிதாக இருந்தது.

இந்தப் பிரிப்பைச் செய்வதற்குப் பாலகிருஷ்ண பிள்ளைக்குக் கிடைத்தது போன்ற மூலங்கள் வேண்டும். சுவடிகளும் நோட்டுகளும் துண்டுக் காகிதங்களும் 1874-க்குப் பின் அன்பர்களின் வீடுகளில் எப்படி இருந்தன, அவற்றைத் தேடிப் பெற்று அவர் எந்த முறையில் ஒப்பிட்டார் என்பதை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)